எந்தப் படகை வைத்திருப்பது, எதை விற்பது, எதை வாங்குவது?

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் தங்கி, பின்னர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போன விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதற் படகுப் பயணம். மூட்டையையும் பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு இருட்டில் இருந்தபோது, அந்தப் படகு எத்தனை அடி, எஞ்சின் எத்தனை குதிரை வலு என்று யார் கேட்டார்கள்? கரை சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

அப்படி இடம்பெயர்ந்த குடும்பங்களிற் சில இன்று கரையோரக் கிராமங்களில் வாழ்கின்றன. வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த காணிகள் முழுவதும் இன்னும் உரியவர் கைக்கு வந்துவிடவில்லை. காணி கிடைத்தவர்களிலும் பலருக்குக் கிணறு தூர்ந்துபோயிருந்தது. வேறு சிலர் கடற்றொழிற் குடும்பங்களில் சம்பந்தம் செய்திருக்கிறார்கள். மருமகனிடம் ஒரு படகு, மாமனாரிடம் ஒரு பழைய வள்ளம், உதவித் திட்டத்திற் கிடைத்த ஓர் எஞ்சின் என்று மண்வெட்டி பிடித்த வீடுகளிலும் கலங்கள் வந்து சேர்ந்துவிட்டன. கையிற் கொஞ்சப் பணம் சேர்ந்தவுடன் எழும் கேள்வி: பழையதை விற்றுப் பெரியதாக ஒன்று வாங்கினால் என்ன?

நெல்லையும் வெங்காயத்தையும் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்குப் படகைக் கணக்குப் பார்க்கத் தெரியாது. கடலில் வளர்ந்தவர்களும்கூட இந்தக் கணக்கிற் சறுக்கியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்திருந்து வாசியுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று கலங்கள்

கணக்கு விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். உங்கள் கிராமத்தில் யாராவது நினைவுக்கு வந்தால் அவர்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களிடம் ஒரு பழைய மரவள்ளம் இருக்கிறது. பரவைக்கடலில் மரக்கோலால் தாங்கிப் போகலாம். ஆழமான இடத்தில் துடுப்பு வலிக்கலாம். இரண்டாவது, 18 அடிப் பைபர் படகு. அதற்கு 15 குதிரை வலு எஞ்சின், நம் தோட்டத்து வோட்டர் பம்பைப் போலப் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவது. மூன்றாவது இன்னும் கைக்கு வரவில்லை. அயற்கிராமத்தில் ஒருவர் 28 அடி நீளமான, உள்ளே டீசல் எஞ்சின் பொருத்திய, மூன்றரைத் தொன் படகு என்று நம் கரைகளிற் சொல்லப்படும் கலத்தைப் பாதிப் பங்குக்குத் தர முன்வந்திருக்கிறார். வள்ளத்தை விற்று, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தால் அந்தப் பாதிப் பங்கு கிடைக்கும்.

மூன்றரைத் தொன் படகுகள் 1950களின் இறுதியில், கடற்றொழிலை இயந்திரமயமாக்கும் அரசாங்கத் திட்டத்தின் கீழ், தவணைக் கடனில் வந்தவை. நன்றாகப் பிடித்து முன்னேறியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடன்களிற் பெரும்பகுதி ஒழுங்காகத் திரும்பிவரவில்லை என்பதும் உண்மை. பைபர் படகு பின்னர் பரவியது. காரைநகரிலிருந்த சீநோர் படகுத் தொழிற்சாலையை வயதானவர்கள் இன்றும் நினைவுகூருவார்கள். வள்ளம் எப்போது வந்தது என்று யாருக்கும் திகதி தெரியாது. அது எல்லாவற்றுக்கும் முந்தியது. அதனாலேயே அதற்கு மதிப்பும் குறைவு. வீட்டிற் பணமுடை வந்தால் முதலில் விற்க நினைப்பது அதைத்தான்.

வெறுங்கையோடு வரும் நாள்

படகு வாங்குகிறவர்கள் அனேகமாக நல்ல நாளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். "போன கிழமை அவருக்கு நாற்பது கிலோ அறக்குளா பட்டதாம்" என்ற கதை கிராமம் முழுக்கப் பரவும். அதே ஆள் அதற்கு முந்திய ஐந்து நாளும் வெறுங்கையோடு வந்த கதையை அவருடைய மனைவி மாத்திரம் அறிவார். நல்ல நாளில் எந்தப் படகும் இலாபம் தரும். படகுக்குப் படகு வித்தியாசம் தெரிவது மீன் படாத நாளிலேதான். ஆகவே ஒவ்வொரு கலத்துக்கும் முதலிற் கேட்க வேண்டியது: வலை வெறுமையாக வந்தால் அன்று எவ்வளவு நட்டம்?

அவுட்போட் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது குதிரை வலு ஒன்றுக்கு மணிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் குடிக்கும் என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 15 குதிரை வலுவுக்கு மணிக்கு ஏழரை லீற்றர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் இருபத்திரண்டரை லீற்றர். 2022 ஓகஸ்ட் 22 ஆம் திகதி வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அந்தக் கணக்கில் ஒரு வெறும் நாளின் எண்ணெய்ச் செலவு 2,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அன்று விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே படகு, அதே எஞ்சின், அதே தூரம். வெறும் நாளின் நட்டம் 7,650 ரூபா. தொடர்ந்து ஐந்து நாள் மீன் படாவிட்டால் 38,250 ரூபா. அதன் பின்னரும் விலை மாறியிருக்கிறது. உங்கள் ஊரில் இன்று விற்கும் விலையைப் போட்டு இதே கணக்கைக் கொப்பியிற் செய்து பாருங்கள்.

எண்ணெயோடு செலவு முடிவதில்லை. எஞ்சினும் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டிருக்கிறது. உதாரணத்துக்கு எஞ்சின் விலை ஆறு இலட்சம், ஆயுள் ஐந்து ஆண்டு, ஆண்டில் 150 நாள் தொழில் என்று வைத்தால் மொத்தம் 750 நாள். நாளொன்றுக்கு 800 ரூபா ஒதுக்கினாற்றான் ஐந்தாம் ஆண்டு முடிவில் இன்னோர் எஞ்சின் வாங்கலாம். மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்த 800 ரூபா கழியும். பல வீடுகளில் இதை ஒதுக்குவதில்லை. செலவு போக மீதியைப் பங்கு பிரிக்கும்போது கலத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு எடுப்பது நம் கரைகளில் வழக்கம் (எவ்வளவு என்பது இடத்துக்கிடம் மாறும்). அந்தப் பங்கு சொந்தக்காரர் சாப்பிடுவதற்கு என்று நினைப்பது தவறு. விதைநெல்லை அவித்துத் தின்பது போன்றது அது.

இனி மூன்றரைத் தொன் படகைப் பாருங்கள். டீசல் எஞ்சின் சிக்கனமானது. குதிரை வலு ஒன்றுக்கு மணிக்குக் கால் லீற்றர் அளவிலேயே குடிக்கும். ஆனால் 30 குதிரை வலு எஞ்சின் ஆறு மணித்தியாலம் ஓடினால் 45 லீற்றர். அதோடு ஐஸ் வேண்டும். மூன்று நான்கு பேர் ஏறவேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் கலம் கரையில் நிற்கும். ஆழமான துறை வேண்டும். பரவைக்கடலோரம் பல இடங்களில் ஆள் நடந்து போகும் ஆழந்தான் உண்டு; அங்கே இதைக் கட்டி வைக்க முடியாது. பாதிப் பங்கு என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஞ்சின் பழுதானால் திருத்துவது யார், மற்றவர் இன்று வேண்டாம் என்றால் நீங்கள் போகலாமா, அவர் விற்க விரும்பினால் உங்கள் பாதி என்னவாகும்? இவற்றை வாங்க முன்னரே எழுத்தில் வைக்காதவர்கள் பின்னர் ஒருவரோடொருவர் முகம் பார்ப்பதில்லை. நல்ல துறையும், ஒற்றுமையான நாலு சகோதரர்களும், ஆழ்கடற் பழக்கமும் உள்ள குடும்பத்துக்கு இந்தப் படகு பொருத்தம். தோட்டத்திலிருந்து கடலுக்கு வந்தவருக்கு அல்ல.

வள்ளத்துக்கு வெறும் நாளில் என்ன நட்டம்? ஒரு நாள் உழைப்பும், தேநீரும். நல்ல நாளில் வருமானமும் சிறியதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

துலாவை விற்றவர்கள்

வோட்டர் பம் வந்தபோது நம் தோட்டங்களிற் பலர் துலாவைக் கழற்றி விறகுக்கு வெட்டினார்கள். நான் வளர்ந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. 1990களில் எரிபொருள் தடைப்பட்டு மண்ணெண்ணெய் மருந்து போலத் துளி துளியாகக் கிடைத்த காலத்தில், துலாவை வைத்திருந்தவன் தோட்டம் பச்சையாக இருந்தது. மற்றவர்கள் வாளியோடு நின்றோம். கடலிலும் அதேதான். எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் கடற்றொழிலுக்குமே கட்டுப்பாடு இருந்த அந்த ஆண்டுகளில், தெப்பமும் வள்ளமும் களங்கண்டி வலையும் பல கரையோர வீடுகளுக்குக் கறி கொடுத்தன. 2022 இல், போர் இல்லாத காலத்தில், விலையேற்றமும் தட்டுப்பாடும் அதே பாடத்தை மறுபடி படிப்பித்தன. வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்காத எஞ்சின் படகுகள் கரையிற் கிடந்தன. மரக்கோல் உள்ளவர் நண்டு வலை போட்டுவிட்டு வந்தார்.

ஆகவே அந்தக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு: விற்பதென்றால் வள்ளத்தைக் கடைசியில் விற்க வேண்டும். அது விற்றாலும் பெரிய காசு வராது. ஆனால் அது போனால், காசில்லாத நாளிற் கடலுக்குப் போகும் வழியும் போய்விடும்.

பைபர் படகை விற்கச் சொல்லவில்லை. அதன் எஞ்சினைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கடற்கரையில் ஒரு தோட்டக்காரப் பொடியனும் அனுபவமுள்ள படகுக்காரர் ஒருவரும் இப்படிக் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன்.

"அண்ணை, இருபத்தஞ்சு பூட்டினால் கெதியாய்ப் போய்க் கெதியாய் வரலாம்தானே?"

"வரலாம் தம்பி. ஆனா மீன் எஞ்சினைப் பார்த்து வலையிலை விழாது."

வலுவை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது. எண்ணெய் மாத்திரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாரம் ஏற்றிய சிறிய படகுக்கு இது இன்னும் உண்மை. கரையிலிருந்து கிட்டத் தொழில் செய்கிறவருக்கு 8 குதிரை வலு போதுமாகலாம். 15 குதிரை வலுவை வைத்திருப்பவர்களும் முறுக்கிப் பிடிப்பதைச் சற்றுத் தளர்த்தினாலே அதே தூரத்துக்குக் கணிசமான எண்ணெய் மீதமாகும். ஒரு கிழமை முழு வேகத்திலும், மறு கிழமை குறைத்தும் ஓடி, அடித்த எண்ணெயைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். சந்தைக்கு நேரத்தோடு வந்தால் விலை கூட என்பார்கள். அது உண்மைதான். அந்தக் கூடுதல் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். எது பெரியதென்று கொப்பியே சொல்லும்.

எத்தனை நாள் போக முடியும்?

150 நாள் என்று மேலே சும்மா வைத்தோம். உங்கள் கரைக்கு அது எத்தனை என்று நீங்கள்தான் எண்ண வேண்டும். கிழக்குப் பக்கக் கடலில் வாடைக்காற்றுக் காலத்தில், ஐப்பசி தொடக்கம் தை வரை, சிறு படகுகள் பல நாள் கரையில் நிற்கும். சோளகக் காலத்தில் அந்தக் கடல் அடங்கும். வேறு கரைகளிலிருந்தும் வந்து அங்கே வாடி போடுவார்கள். பரவைக்கடலுக்கு இந்தக் கணக்கு வேறு. மாரி மழையோடு களப்புகளில் இறால் படும். அதற்கு ஆழமில்லாத நீரில் ஓடும் சிறு கலமே போதும்.

பாக்குநீரிணைப் பக்கம் இன்னொரு கழிவும் உண்டு. 2009 இல் போர் முடிந்த பின்னர், தமிழ்நாட்டு றோலர்கள் கிழமையில் மூன்று இரவுகள் இந்தக் கரைகளுக்கு வந்துபோவது வழக்கமாயிற்று. விரித்த வலையை அவை இழுத்துக்கொண்டு போனால் நட்டம் எண்ணெயோடு நிற்காது. அந்த இரவுகளிற் கடலுக்குப் போகாமல் இருந்தவர்கள் பலர். உங்கள் கடலிலும் அப்படியென்றால், படகின் விலையை 150 ஆற் பிரிக்காமல் உண்மையில் மிஞ்சும் நாட்களாற் பிரியுங்கள்.

வயல் திரும்பக் கிடைத்த குடும்பம் காலபோகத்துக்கு வயலுக்குப் போகும். அப்போது படகு நாலு மாதம் சும்மா கிடக்கும். வள்ளத்தை நிழலில் ஏற்றிக் கிடுகு போட்டு மூடிவிடலாம். எஞ்சினை நன்னீரில் ஓட்டி உப்பைக் கழுவி, எண்ணெய் பூசி வைக்காவிட்டால் தை மாதத்தில் அது அசையாது. சும்மா கிடக்கும் காலத்தைத் தாங்கும் கலமே வயலும் கடலும் இரண்டும் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

கைமாறிய படகை வாங்கும்போது

மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம். பைபர் படகுக்குப் பல், எஞ்சின் பூட்டும் பின்பலகை. அதற்குள் இருக்கும் மரம் ஆணித் துவாரத்தால் தண்ணீர் குடித்து உக்கிப்போயிருக்கும். வெளியே புதுப்பெயின்ற் பளபளக்கும். சிறு மரச்சுத்தியலாற் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உக்கிய இடம் பூசணிக்காயைத் தட்டியது போல் இருக்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை அசைந்தால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே இறங்கி நடந்து, காலடியில் மெத்தென்று அமிழும் இடம் உண்டா என்று பாருங்கள். இதைக் கரையேற்ற எத்தனை பேர் வேண்டும் என்று பக்கத்து வாடிக்காரரைக் கேளுங்கள். முன்னர் நாலு பேர் இழுத்த படகுக்கு இப்போது ஆறு பேர் வேண்டுமென்றால் அது தண்ணீர் குடித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவசரத்திற் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளில் மெல்லியவை, தரங்குறைந்தவை பல இருந்தன. இலவசமாக வந்ததென்பதால் அன்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

எஞ்சின் பார்க்கப் போகும் நாளைச் சொல்லாமற் போவது நல்லது. போனவுடன் எஞ்சினிற் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் தொடங்குகிறது என்பதையே பார்க்க வேண்டும். பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிக் காட்டினால் ஏற்க வேண்டாம். கடலில், வழக்கமான பாரத்தோடு ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இழுவைமடி இழுக்கும் சிறு றோலர் மலிவாக விலைக்கு வந்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள். 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கடற்றொழிற் திருத்தச் சட்டம் கடலடி இழுவைமடியைத் தடைசெய்துவிட்டது. இன்னும் சிலர் இழுக்கிறார்கள்தானே என்று வாதாடலாம். பிடிபடும் நாளில் அடகு வைத்த நகை உங்களுடையது.

யாருடைய பணம்?

மீன் வியாபாரி முற்பணம் தந்து படகோ எஞ்சினோ எடுத்துக் கொடுப்பது கரையோரத்திற் சாதாரணம். வட்டி இல்லை என்பார். பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெங்காயத்துக்கு முற்பணம் வாங்கிய நமக்கு இது புதிதல்ல. சந்தையைவிடக் கிலோவுக்கு 50 ரூபா குறைத்து எடுக்கிறார் என்று வையுங்கள். நாளுக்குப் பத்துக் கிலோ, 150 நாள். வருடம் 75,000 ரூபா. இவ்வளவும் போன பிறகும் முதல் அப்படியே நிற்கும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்கும் வட்டியை இதனோடு பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வியாபாரி கெட்டவர் என்று சொல்லவரவில்லை. நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு தருகிறவரும் அவர்தான். அந்த உதவிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

தலைவனை இழந்த வீடுகளில் இன்னொரு நிலை. படகும் எஞ்சினும் வாசலிற் கிடக்கின்றன, ஓட்ட ஆளில்லை, மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் வளர்ந்து எடுப்பான் என்று தாய் காத்திருக்கிறாள். அந்த மனதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெயிலிற் கிடக்கும் படகு ஆறு ஆண்டு காத்திராது. நம்பிக்கையான உறவினருக்குப் பங்குக்குக் கொடுக்கலாம். பங்கு எவ்வளவு, திருத்தச் செலவு யாருடையது, கணக்கு எந்த நாளிற் பார்ப்பது என்பதைச் சங்கத் தலைவர் முன்னிலையில் எழுதி. அதற்கு ஆளில்லாவிட்டால் எஞ்சினை இப்போதே விற்று, பணத்தை மகனின் பெயரில் வைப்பிலிடுவது மேல். அவன் கடலுக்குப் போகத்தான் வேண்டுமா என்பதை அவனே பின்னர் தீர்மானிக்கட்டும்.

நாம் வைத்துக்கொண்ட குடும்பம் என்ன செய்யலாம்? வள்ளத்தை வைத்திருக்கலாம். பைபர் படகை வைத்துக்கொண்டு, ஒரு சோளகக் காலம் முழுக்கக் கொப்பியிற் கணக்கு எழுதி, பிறகு எஞ்சினைச் சிறிதாக்குவதா என்று பார்க்கலாம். பாதிப் பங்கு வேண்டாம். தாலிக்கொடி வீட்டில் இருக்கட்டும். கையிலுள்ள சிறு பணத்துக்கு நண்டு வலை வாங்கினால் வள்ளத்துக்கும் வேலை வரும். உங்கள் குழுவில் இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் தங்கள் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டட்டும். முக்கியமாக வெறும் நாளின் கணக்கை.

விற்றாலும் வாங்கினாலும், படகு கைமாறும் அன்றே கடற்றொழிற் பரிசோதகர் அலுவலகத்துக்கு இருவரும் போங்கள். படகிலுள்ள பதிவிலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளவையோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பெயரை மாற்றி, தொழில் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பேசிய விலையில் கடைசிப் பகுதியைப் பெயர் மாறிய பின்னர் கொடுங்கள்.